வரலாற்றுச் சங்கத்துக்குப் போன பிஸ்கட் டப்பா

ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு வரலாறு என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். வரலாறு இருந்தால் அதைக் காப்பாற்ற ஒரு சங்கம் வேண்டும். சங்கம் இருந்தால் தலைவரும் பொருளாளரும் வேண்டும். அவர்கள் உட்கார நாற்காலி வேண்டும். நம் கதை நடக்கும் ஊரில் நாற்காலிகள்தான் முதலில் வந்தன. மற்றவை பின்னால் வந்தன. வரலாறு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நகர வரலாற்றுச் சங்கத்தின் ஆவணக் காப்பகம் டயர் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. வெளிச்சம் பட்டால் பழைய காகிதம் செத்துப்போகும் என்பதால் ஜன்னல்களில் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். ஈரக் காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் இரவு பகலாக முனகிக்கொண்டிருந்தது. கதவில் ஒரு பலகை: ‘மூச்சை மெதுவாக விடவும்.’ உள்ளே இரும்பு அலமாரிகளில் சாம்பல் நிற அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றில் இருபத்திரண்டு பெட்டிகளில் தலைவர் பல்வேறு விழாக்களில் ஆற்றிய உரைகள் இருந்தன. தலைவர் குடிநீர் அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் வந்ததா என்பதற்கு ஆவணம் எதுவும் இல்லை. அவர் பேசினார் என்பதற்கு இருபத்திரண்டு பெட்டி இருக்கிறது.

காப்பாளர் ஓர் இளைஞன். தலைநகரத்துக்குப் போய்ச் சில வாரம் பயிற்சி எடுத்துவிட்டு, இரண்டு வெள்ளைக் கையுறைகளோடும் ஒரே ஒரு கொள்கையோடும் திரும்பி வந்தவன். கையுறைகளை அவன் டீ குடிக்கும்போதும் கழற்றுவதில்லை. ஊரில் அவனுக்குக் கையுறை என்றே பெயர். கொள்கையின் பெயர் ‘வந்த ஒழுங்கு’. அதாவது, ஒரு சேகரிப்பு எந்த ஒழுங்கில் காப்பகத்துக்கு வந்ததோ அந்த ஒழுங்கை யாரும் கலைக்கக் கூடாது. ஒரு கட்டுக் காகிதத்துக்கு நடுவே பாதி கடித்த பிஸ்கட் ஒன்று வந்தால், அதுவும் அதே இடத்தில் இருக்கவேண்டும். அப்படி ஒரு பிஸ்கட் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. அதற்கும் எண் உண்டு. எறும்பு வந்தபோது அதற்கும் எண் கொடுக்கலாமா என்று ஆலோசித்தார்கள்.

இந்தச் சங்கத்துப் பொருளாளரின் மனைவியைச் சங்கத்தார் எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவார்கள். மாதம் ஒருமுறை அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வரலாற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே அவள் போட்ட டீயைக் குடிக்கிறவர்கள், அந்த உறவையாவது கொண்டாட வேண்டாமா? நாமும் அப்படியே கூப்பிடலாம்.

அண்ணியின் தங்கை கடல் கடந்து போய்க் குடியிருந்தாள். நாற்பதைத் தாண்டி, இனிமேல் இல்லை என்று எல்லோரும் பேசி முடித்துவிட்ட பிறகு, வயிற்றில் முதல் குழந்தை. டாக்டர் நாள் குறித்துவிட்டார். தங்கை தினமும் போன் செய்வாள்.

“அக்கா, நீ வந்துடுவதானே?”

“வியாழக்கிழமை விமானம் ஏறுறேன்டி. எத்தனை தடவை சொல்றது.”

“நீ இல்லாம நான் உள்ள போகமாட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“உன் பிள்ளைகிட்ட சொன்னியா? அது உன்னை மாதிரி இல்லாம சமயத்துக்கு வர்ற பிள்ளையா இருந்துடப் போகுது.”

பேச்சு இப்படி இருந்தாலும், போனை வைத்த பிறகு அண்ணி காலண்டரில் அந்த நாளைத் தொட்டுப் பார்ப்பாள். அம்மா போன பிறகு தங்கைக்கு எல்லாம் அவள்தான். டிக்கெட் எடுத்தாயிற்று, விசா வந்தாயிற்று. பாஸ்போர்ட் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை காலை பெட்டி கட்டலாம் என்று பிரிட்ஜின் மேலே கையை விட்டாள். அங்கே இருக்கவேண்டிய பழைய பிஸ்கட் டப்பா இல்லை.

அந்த டப்பாவை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. எதையும் தூக்கி எறிய மனசு வராத ஒருவரும், எதை எங்கே வைப்பது என்று தெரியாத ஒருவரும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கிற டப்பா அது. பொத்தான்கள், செத்த பாட்டரிகள், அறுந்த வாட்ச் பட்டை, ஏதோ பொம்மையிலிருந்து கழன்ற சக்கரம், பாதி மெழுகுவத்தி. இவற்றுக்கு நடுவே பீரோ சாவி. இன்னொரு சாவியும் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை அண்ணி பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

“என்னங்க, இங்க இருந்த டப்பா எங்க?”

பொருளாளர் செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமல், பெருமையை அடக்கிக்கொண்ட குரலில் சொன்னார். “நன்கொடையா குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“வரலாற்றுக்கு.”

நடந்தது இதுதான். சங்கம் ‘வீட்டுக்கொரு சேகரிப்பு’ என்று இயக்கம் தொடங்கியிருந்தது. நிர்வாகிகள் முதலில் முன்மாதிரியாகக் கொடுக்க வேண்டும் என்று தலைவர் சுற்றறிக்கை விட்டார். பொருளாளருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அவருடைய பரம்பரையில் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை, வெட்டவில்லை, கட்டவில்லை. கடைசி நாளன்று கண்ணில் பட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, ‘நடுத்தர வர்க்க வாழ்வியலின் உறைந்த கணம்’ என்றார். அந்த வாக்கியம் அப்படியே பாராட்டுச் சான்றிதழில் அச்சாகி, சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் தொங்கியது. பத்து நாளாக அதைத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் அண்ணிதான், படித்துப் பார்க்கவில்லை.

“அதுலதாங்க பீரோ சாவி.”

“எனக்கு எப்படித் தெரியும்? பீரோ சாவியை யாராவது பிஸ்கட் டப்பாவுல வைப்பாங்களா?”

“திருடன் இப்படித்தான் நினைப்பான்னு வெச்சேன். உங்களைக் கணக்குல எடுக்கலை.”

அன்று மாலையே அண்ணி டயர் கடைக்கு மேலே ஏறினாள்.

“வாங்க அண்ணி,” என்றான் கையுறை. “செருப்பை அங்க விடுங்க. மூச்சை மட்டும் கொஞ்சம் மெதுவா.”

அண்ணி மாடி ஏறி வந்த மூச்சை வந்தபடியே விட்டாள். “தம்பி, எங்க வீட்டு டப்பா இங்க வந்திருக்கு. அதுல என் சாவி இருக்கு. எடுத்துக் குடுத்துட்டா நான் போயிடறேன்.”

கையுறை உள்ளே போய், பிறந்த குழந்தையை ஏந்தி வருவது போல டப்பாவை ஏந்தி வந்தான். மூடியைத் திறந்தான். ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. செத்த பாட்டரிகள் பட்டுத்துணியில் படுத்திருந்தன. சாவியில் கட்டிய சீட்டில், ‘சாவி, ஒன்று. பயன் அறியப்படவில்லை’ என்று இருந்தது.

“அறியப்படாம என்ன? எனக்குத் தெரியுமே. என் பீரோ சாவி.”

கையுறையின் முகம் மலர்ந்தது. பென்சிலை எடுத்து, பழையதை அழித்து, ‘பயன் அறியப்பட்டது’ என்று எழுதினான். பிறகு டப்பாவை மூடிவிட்டான்.

“ரொம்ப நன்றி அண்ணி. பயன் தெரியாத சாவி சாதாரணப் பிரிவு. பயன் தெரிஞ்ச சாவின்னா அரிதான பிரிவு. இனிமே தலைவர் கையெழுத்து இல்லாம யாரும் பார்க்கக்கூட முடியாது.”

“இப்பதானே பார்த்தேன்.”

“அப்ப அது சாதாரணமா இருந்துச்சு.”

“சரி, பார்க்க வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கறேன். குடு.”

“எப்படி அண்ணி குடுக்கறது? இது பச்சைப் பொத்தானுக்கும் பாட்டரிக்கும் நடுவுல வந்திருக்கு. எடுத்தா வந்த ஒழுங்கு கலைஞ்சிடும். ஏன் அது சரியா அந்த இடத்துல இருந்துச்சு? நாளைக்கு ஒரு ஆராய்ச்சியாளர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“நான் தூக்கிப் போட்டேன். அது அங்க போய் விழுந்துச்சு.”

“ஒரு நிமிஷம்,” என்று கையுறை அதையும் எழுதிக்கொண்டான். “எந்தக் கையால போட்டீங்க?”

வாயைத் திறக்கத் திறக்கச் சாவியின் மதிப்பு ஏறுகிறது என்பது அண்ணிக்குப் புரிந்தது. அதற்கு முன் அவள் எதற்கும் வாயை மூடியதில்லை. அன்று மூடிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டுத் திறப்பவரை வரவழைத்தாள். சாவி வரலாற்றிடம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பூட்டு இன்னும் வீட்டில்தானே இருக்கிறது. அவர் பீரோ முன்னால் குந்தி உட்கார்ந்து, சுத்தியலையும் உளியையும் தரையில் பரப்பினார். அப்போது வாசல் மணி அடித்தது. கையுறை நின்றிருந்தான். பொருளாளர் முந்தின நாள் சங்கத்துக்குப் போய், தன் மனைவிக்கு வந்திருக்கும் சிரமத்தை உருக்கமாகச் சொல்லியிருந்தார். உருக்கத்தைக் கேட்டுக்கொண்ட தலைவர் உடனடியாக நடவடிக்கை எடுத்திருந்தார்.

“அண்ணி, சாவியையும் பூட்டையும் பிரிக்கக் கூடாதுன்னு தலைவர் சொல்லிட்டார். பூட்டைப் பீரோவிலேருந்து பிரிக்க முடியாது. அதனால பீரோவைத் தொடர்புடைய பொருளா அறிவிச்சிருக்கோம்.” நாடாவை எடுத்து பீரோவை அளந்தான். நெற்றியில் ஒரு எண் ஒட்டினான். “இனிமே இதுமேல வெயில் படக்கூடாது. சமையல் சூடும் ஆகாது. சமையலறை பக்கத்துலயா இருக்கு? அப்ப அடுப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்.”

“எவ்வளவு குறைக்கணும்?”

“பத்த வைக்காம இருந்தா நல்லது.”

பூட்டுத் திறப்பவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மா, நான் ஆரம்பிக்கட்டுமா?”

“ஆரம்பிங்க.”

“தொடாதீங்க,” என்றான் கையுறை. குனிந்து தரையைப் பார்த்தான். குரல் மாறியது. “அண்ணே, இந்தச் சுத்தியல் எத்தனை வருஷம் பழசு?”

“எங்க அப்பாவோடது தம்பி.”

“அப்பாவோடதா.” கையுறை பையிலிருந்து இன்னொரு சீட்டை எடுத்தான்.

பூட்டுத் திறப்பவர் சுத்தியலை மடியில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “மன்னிச்சுக்கங்கம்மா. நான் பூட்டை உடைக்கிறவன். இந்த வம்பு எனக்கு வேணாம்.” கூலி கேட்கக்கூட நிற்கவில்லை.

அன்று மதியச் சாப்பாடு சூடில்லாமல் முடிந்தது. பொருளாளர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, “ஒண்ணு பாரு,” என்றார், “நம்ம வீட்டுப் பீரோவுக்கு எண் கிடைச்சிருக்கு. இந்தத் தெருவுல வேற யாருக்கும் கிடையாது.” அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எண் கொடுக்க இன்னும் யாரும் முன்வரவில்லையே என்று அவள் யோசித்ததாகத் தோன்றியது.

திங்கட்கிழமை அவசர நிர்வாகக் குழு கூடியது. தலைவர் வரவேற்புரை ஆற்றினார். அங்கே இருந்தவர்கள் தலைவர், பொருளாளர், கையுறை, அண்ணி ஆகிய நான்கு பேர். தலைவர் நால்வரையும், தன்னையும் சேர்த்து, வருக வருக என்று வரவேற்றார்.

“சார்,” என்றாள் அண்ணி. “என் தங்கச்சிக்குப் பிரசவம். வியாழக்கிழமை நான் ஏறணும். பாஸ்போர்ட் பீரோவுல இருக்கு.”

“உங்கள் உணர்வுகளைச் சங்கம் மதிக்கிறது,” என்றார் தலைவர். “ஆனால் உணர்வு தனிமனிதருடையது. சாவி சமுதாயத்துடையது.”

“போன மாசம் வரைக்கும் என்னோடதா இருந்துச்சே.”

“அதைத்தான் நாங்கள் கடந்தகாலம் என்கிறோம். அதைக் காப்பதுதான் நம் பணி.”

“அப்ப அந்தச் சாவிக்கு முக்கியத்துவம் ஒண்ணும் இல்லைன்னு நீக்கிடுங்க. எங்க வீட்டுல வரலாறுன்னு எதுவுமே நடக்கலை சார். நாப்பது வருஷத்துல ஒரு சண்டை, அதுவும் மின்விசிறி வேகத்தைப் பத்தி.”

தலைவர் கையுறையைப் பார்த்தார். கையுறை தலைவரைப் பார்த்தான். “ஒண்ணுமே நடக்கலையா?” என்றான் கையுறை மெல்ல. “அண்ணி, நம்மகிட்ட இருக்கிற எல்லாச் சேகரிப்பும் ஏதோ ஒண்ணு நடந்த குடும்பங்களோடது. ஒண்ணுமே நடக்காத குடும்பத்தோடது நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லை.”

“மிக அரிதானது,” என்றார் தலைவர். சாவி இன்னொரு படி மேலே ஏறியது.

பொருளாளர் மனைவியின் காதில், “நான் அப்பவே சொன்னேன், வாயை விடாதேன்னு,” என்று முணுமுணுத்தார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணி கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே அவள் கற்றதில் நினைவில் நின்றது ஒன்றுதான். மேலிடம் ஒரு விதியைக் காட்டினால் அழக்கூடாது. விதிப்புத்தகத்தை வாங்கி அடுத்த பக்கத்தைப் படிக்கவேண்டும். சங்கத்தின் விதிப்புத்தகத்தைக் கேட்டாள். அலமாரிக்குக் கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்ததை உருவி எடுத்துக் கொடுத்தார்கள். அச்சடித்த நாளிலிருந்து யாரும் அதைத் திறந்ததில்லை, பக்கங்கள் ஒட்டியிருந்தன. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் சிரித்தாள்.

அங்கே இருந்தது இரவல் விதி. வெளிநாட்டு நிறுவனம் கேட்டால் சேகரிப்புப் பொருளைக் கண்காட்சிக்கு இரவலாக அனுப்பலாம்; அப்படி அனுப்பும்போது அதனோடு தொடர்புடைய பொருட்கள் அனைத்தும் கூடவே செல்லவேண்டும். தன் உரைகள் ஒருநாள் உலகைச் சுற்றிவரும் என்ற தொலைநோக்கில் தலைவரே எழுதிய விதி. இதுவரை அந்த இருபத்திரண்டு பெட்டிகளை உள்ளூரில்கூட யாரும் கேட்கவில்லை.

அண்ணி தங்கைக்குப் போன் செய்தாள். “அடியே, உங்க தெருவுல பொம்பளைங்க சங்கம் ஏதாவது இருக்கா?”

“கர்ப்பிணிங்க ஒரு அஞ்சாறு பேர் சேர்ந்து காலையில நடப்போம். அது சங்கமா?”

“இனிமே சங்கம். நீதான் செயலாளர். நான் சொல்றதை எழுதி அனுப்பு.”

செவ்வாய்க்கிழமை காலை வரலாற்றுச் சங்கத்துக்கு மின்னஞ்சல் வந்தது. ‘சர்வதேசத் தாய்மார் நடைக் கழகம்’ தங்கள் சங்கத்தின் புகழ்பெற்ற பிஸ்கட் டப்பாவை, சாவி மற்றும் தொடர்புடைய பொருட்களோடு, கண்காட்சிக்கு இரவல் கேட்கிறது. ‘குறிப்பாகச் சாவியைக் கடைசியாகப் பயன்படுத்தியவரையும் பார்வைக்கு வைக்க விரும்புகிறோம்.’

பொருளாளரையும் அண்ணியையும் வரவழைத்து, தலைவர் அதை நின்றுகொண்டு படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். “சர்வதேசம்,” என்றார். மறுபடியும் எழுந்து நின்றார். “கையுறை, உலகத்துக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது.”

“ஆனா சார், அண்ணி நம்ம சேகரிப்புல இல்லையே. சேகரிப்புல இல்லாத பொருளை எப்படி இரவல் அனுப்பறது?”

“சேர்த்துவிடு.”

“நன்கொடையாளர் வேணுமே.”

மூன்று பேரும் பொருளாளரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் தயங்கினார். ஆனால் இரண்டாவது பாராட்டுச் சான்றிதழ் உண்டு என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘நன்கொடையாளர்: பொருளாளர். பொருள்: மனைவி, ஒன்று. உரிமைகள் அனைத்தும் சங்கத்துக்கு மாற்றப்படுகின்றன.’

“கவனமா படிச்சீங்களா?” என்று கேட்டாள் அண்ணி.

“இதுல படிக்க என்னம்மா இருக்கு.”

கையுறை அவளைச் சுற்றி வந்து நிலை அறிக்கை எழுதினான். “முழங்கால்ல தேய்மானம். பொதுவா நல்ல நிலை. சத்தம் வரும்னு போடட்டுமா?”

“போட்டுப் பாரு.”

போடவில்லை. எண் எழுதிய சீட்டை ஊசியால் குத்தத்தான் வந்தான். அவள் பார்த்த பார்வையில், கைப்பையின் வாரில் கட்டிவிட்டு ஒதுங்கினான்.

பீரோவை விமானத்தில் ஏற்ற முடியாது என்ற சிக்கலையும் தலைவரே தீர்த்தார். பீரோவின் உள்ளடக்கம் பீரோவைப் பிரதிநிதித்துவப்படுத்தலாம். ஆகவே புதன்கிழமை, குழு எழுந்து நிற்க, கையுறை அணிந்த கையால், அண்ணியின் பீரோ அண்ணியின் சாவியால் திறக்கப்பட்டது. பாஸ்போர்ட்டையும் துணிமணிகளையும் அவளிடம் ஒப்படைத்தார்கள். சாவி மறுபடியும் பச்சைப் பொத்தானுக்கும் பாட்டரிக்கும் நடுவே படுத்துக்கொண்டது. தலைவர் வழியனுப்புரை ஆற்றினார். இருபத்துமூன்றாவது பெட்டி தொடங்கியது.

வியாழக்கிழமை அண்ணி மடியில் டப்பாவோடு விமானம் ஏறினாள். அவள் போய் இறங்கிய மறுநாள் தங்கைக்கு வலி எடுத்தது. அக்காவின் விரல்களை நசுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட கூச்சலில் நர்சே பயந்துபோனாள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. அண்ணி குழந்தையைக் கையில் வாங்கி, அதன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறகு, “உங்க அம்மா மாதிரி இல்ல, நேரத்துக்கு வந்துட்ட,” என்றாள். அப்போது அவளுக்குக் கண் கலங்கியதை யாரும் எந்தச் சேகரிப்பிலும் சேர்க்கவில்லை.

இங்கே பொருளாளர் கூடத்தில் இரண்டு சான்றிதழ்களுக்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டார். ஒரு மாதம் தாங்கினார். பிறகு டயர் கடைக்கு மேலே ஏறினார்.

“தம்பி, அவளைத் திருப்பிக் கூப்பிடணும்.”

“இரவல் காலம் முடியலையே சார். அவங்க நீட்டிப்புக் கேட்டிருக்காங்க. தலைவர் குடுத்துட்டார். சர்வதேச உறவு பாருங்க.”

“என் பொண்டாட்டிப்பா.”

“சார், நீங்க நன்கொடையாளர். உங்களுக்குன்னு ஒரு சலுகை இருக்கு. பொருள் திரும்பி வந்ததும், பார்வை நேரத்துல நீங்க இலவசமா வந்து பார்க்கலாம்.”

பொருளாளர் விதிப்புத்தகத்தைக் கேட்டார். அது வெளிநாட்டில் இருந்தது.

இந்தச் செய்தி எப்படியோ தெருவில் இறங்கிவிட்டது. ஒரு பெண்மணி சேகரிப்பில் சேர்ந்தாளாம். வெயில் படக்கூடாதாம், அடுப்புச் சூடு ஆகாதாம், மற்றவர்கள் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடவேண்டுமாம். மறு வாரமே தலைவரின் மனைவி வந்து வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் டாக்டர் வீட்டம்மா, வக்கீல் வீட்டம்மா, டயர் கடைக்காரரின் மனைவி. கணவர்மார்கள் சான்றிதழ் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். எந்தக் கூடத்துக்குப் போனாலும் சுவரில் ஒன்று தொங்கியது. தொங்காத வீட்டைப் பார்த்து, ‘பாவம், அவங்க வீட்டுல வரலாறு இல்லை போல’ என்று பேசிக்கொண்டார்கள்.

காப்பகம் நிறைந்தது. மதிய வேளைகளில் பெண்மணிகள் குளிர்ந்த மங்கலான அறையில், இயந்திரத்தின் முனகலுக்கு நடுவே, ‘தொடக்கூடாது’ என்ற பலகைக்குக் கீழே, கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசினார்கள். பார்வை நேரத்தில் கணவர்மார்கள் சாப்பாட்டு டப்பாவோடு படியேறி வந்தார்கள். உப்பு போதவில்லை என்று பெண்மணிகள் நிலை அறிக்கையில் எழுதி அனுப்பினார்கள்.

கூட்டம் அதிகமானதும் தரம் பிரிக்கவேண்டி வந்தது. பழமைதான் மதிப்பு என்பது காப்பகத்தின் அடிப்படை. ஆகவே மூத்த பொருட்கள் முதல் வரிசை. அவற்றுக்கு மெத்தை நாற்காலி, ஆண்டு மலரில் முழுப்பக்கப் படம். மற்றவை இரண்டாம் வரிசை, ஸ்டூல். அறிவிப்பு வந்த அன்றே, பல ஆண்டுகளாக நாற்பத்தொன்பதில் நின்றுகொண்டிருந்த தலைவரின் மனைவி, தனக்கு அறுபத்துமூன்று என்று பிறப்புச் சான்றிதழோடு நிரூபித்தாள். தலைவர் அதைக் கேட்டு அசந்துபோனார்; அவர் தன்னைவிடப் பதின்மூன்று வயது சின்னவளைக் கட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் வீட்டம்மா அறுபத்தாறு என்றாள். வக்கீல் வீட்டம்மா தலைச்சாயத்தைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். ஊரில் சாயம் விற்கிறவன் கடையை மூடினான். அடுத்தவள் வயதைக் கூட்டிச் சொல்கிறாள் என்று முதல்முறையாகப் புகார் மனுக்கள் வந்தன.

பொருளாளர் தினமும் மனைவிக்குப் போன் செய்து கெஞ்சினார். ரொட்டி பற்றிச் சொன்னார். முதுகுவலி பற்றிச் சொன்னார். வீடு வீடாக இல்லை என்று சொன்னார்.

“நான் என்னங்க பண்றது,” என்பாள் அண்ணி, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே. “என் கையிலயா இருக்கு. சங்கத்தைக் கேளுங்க.” பக்கத்தில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அன்றும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பொருளாளருக்குச் சொல்ல வேறு எதுவும் மிஞ்சவில்லை. பேச்சை நீட்டுவதற்காக, “ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது,” என்றார். “முதல் வரிசையில தலைவர் வீட்டம்மா, டாக்டர் வீட்டம்மா எல்லாம் முழுப்பக்கம்.”

“நான்?”

“உன் படம் ரெண்டாம் வரிசையிலம்மா. சின்னதா, மூலையில. ஸ்டூலுக்குக்கூடக் காத்திருக்கணுமாம்.”

அண்ணி குழந்தையைத் தட்டுவதை நிறுத்தினாள்.

“நான்தானே முதல்ல சேர்ந்தது.”

“அதை நானும் சொன்னேன். வயசுதான் கணக்குன்னுட்டான் கையுறை. உன் சீட்டுல அம்பத்தி ரெண்டுன்னு போட்டிருக்கு. நீ சொன்னதுதானாம்.”

கையுறை நிலை அறிக்கை எழுதிய அன்று, பாஸ்போர்ட் இன்னும் பீரோவுக்குள் இருந்ததால் சரிபார்க்க வழியில்லாமல், அண்ணி பழக்க தோஷத்தில் ஆறு வருடம் குறைத்துச் சொல்லியிருந்தாள்.

“அந்த டாக்டர் பொண்டாட்டி எனக்கு ஸ்கூல்ல ரெண்டு கிளாஸ் கீழ படிச்சவ,” என்றாள்.

“அப்படியா?”

“மலர் என்னைக்கு அச்சுக்குப் போகுது?”

“திங்கட்கிழமை.”

அண்ணி குழந்தையை முத்தமிட்டுத் தங்கையின் மடியில் கிடத்தினாள். “ஞாயித்துக்கிழமை விமானத்துல இடம் இருக்கான்னு பாருங்க,” என்றாள் கணவரிடம். “நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் அச்சடிக்கக் கூடாதுன்னு அந்தக் கையுறைகிட்ட சொல்லி வையுங்க.”